அறை நிறைந்த நாள்

"காலியாத்தானே மாமா கிடக்கு?"

மச்சினன் இந்தக் கேள்வியை முதலில் எப்போதாவது கேட்டான். பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்டான். கடைசியில் முடிவெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டிய பிறகும் கேட்க ஆரம்பித்துவிட்டான். கையில் கத்தரிக்கோல் வைத்திருக்கிற மனிதரிடம் இப்படிப் பேச ஒரு தைரியம் வேண்டும். அக்காள் புருஷன் நம்மை என்ன செய்துவிடப் போகிறார் என்கிற தைரியம்தான் அது.

சலூனுக்குப் பின்னால் ஒரு பெரிய அறை இருந்தது. அதன் வாசல் பக்கத்துச் சந்தில். மச்சினனுக்குச் சொந்தமான அந்த அறையை அவன் பல வருடமாக வாடகை என்று ஒரு பைசா வாங்காமல் சங்கத்துக்கு விட்டு வைத்திருந்தான். நல்லவன்தான். ஆனால் இப்போது செல்போன் கடை வைக்க ஒருவர் இடம் தேடி அவன் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தார். நல்லவனுக்கும் வீட்டில் செலவு இருக்குமல்லவா?

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மொத்தம் மூன்று பேர். சலூன்காரர் செயலாளர். தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அவர் மனைவி தலைவர். வீட்டிலும் அவர்தான் தலைவர் என்பதால் தேர்தல் எதுவும் தேவைப்படவில்லை. எதிர்ப்பட்டறை வெல்டர் பொருளாளர். வெல்டர் வாயைத் திறந்து பேசுவதைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் குறைவு.

நடக்க முடியாதவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் வேண்டிய சாமான்களை இலவசமாகக் கொடுத்து உதவுவது இவர்கள் வேலை. வீல்சேர், வாக்கர், கக்கத்தில் வைக்கிற ஊன்றுகோல், தலைமாட்டைத் தூக்கி இறக்குகிற கட்டில், கமோடு நாற்காலி, இப்படி. யாரோ வேண்டாமென்று கொடுத்ததை வெல்டர் பற்றவைப்பார், தையல்காரம்மா மெத்தை தைத்துப் போடுவார், சலூன்காரர் ஆள் பிடிப்பார். ஆள் பிடிக்கச் சலூனைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா? யார் வழுக்கி விழுந்தார்கள், யாருக்கு ஆபரேஷன், யார் வீடு திரும்பினார்கள், எல்லாச் செய்தியும் அந்த நாற்காலியில்தான் முதலில் இறங்கும்.

"உங்கப்பாவுக்கு வாக்கர் இன்னும் வேணுமா?" என்பார் காதோரம் கத்தரித்துக்கொண்டே.

"இல்லண்ணே, இப்ப நல்லா நடக்கிறாரு."

"அப்படியே மசூதிக்குப் பின்னாடி" என்றோ "பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல" என்றோ ஓர் அடையாளம் சொல்வார். "அந்த வீட்ல கொடுத்துடுங்க. அங்க ஒருத்தங்க விழுந்துட்டாங்க."

அவ்வளவுதான். வாக்கர் அந்த வீட்டிலிருந்து நேராக இந்த வீட்டுக்குப் போய்விடும். அறைக்கு வராது. உடைந்தால் மட்டும் அறைக்கு வரும், வெல்டர் கையால் சரியாகும், மறுநாளே கிளம்பிவிடும். அதனால் அறையில் எப்போது பார்த்தாலும் ஒரு வேலை மேஜை, ஒரு தண்ணீர்க் குழாய், சுவரில் வெறும் கொக்கிகள். மச்சினன் எட்டிப் பார்ப்பான். காலியாத்தானே கிடக்கு.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி அவருக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன் மாமா. தப்பா நினைக்காதீங்க."

அன்று சலூன்காரர் அவன் தலையில் வகிடு எடுத்தது கொஞ்சம் கோணலாகத்தான் போனது.

அறை போனால் சங்கம் போச்சு. அழுக்கும் ரத்தமுமாக வருகிற கட்டிலை எங்கே வைத்துக் கழுவுவது? வெல்டர் பட்டறையில் கேட் செய்யவே இடம் இல்லை. வேறு அறைக்கு வாடகை கொடுக்க மூன்று பேரிடமும் வழியில்லை. சலூன்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர் அப்பா கடைசிக் காலத்தில் வைத்திருந்த வீல்சேரை ஒரு வாடிக்கையாளரின் அம்மாவுக்குக் கொடுத்ததில் ஆரம்பித்தது இந்தச் சங்கம். அதை இழுத்து மூடுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வழி பிறந்தது தையல் கடையில். சட்டைக் கைக்கு அளவு வெட்டுவதற்காகப் பழைய செய்தித்தாளை விரித்த தலைவர், பாதி வெட்டிய பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். சமூக அமைப்புகளுக்கும் பொதுச்சேவை செய்வோருக்கும் அரசு மானியம், விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கடைசித் தேதி மட்டும் கத்தரிக்கோலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. கடை முழுக்கத் தேடி, வெட்டிப்போட்ட மற்றத் துண்டை எடுத்து ஒட்ட வைத்துப் பார்த்தால், இன்னும் நாள் இருந்தது!

அறை வாடகை, கழுவ ஒரு மேடை, இரண்டு புதுக் கட்டில், வீல்சேர்களுக்கு டயர். கேட்டது இவ்வளவுதான். சங்கத்திடம் என்னென்ன இருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். பதில் வந்தது. கடிதத்தைச் சலூன்காரர் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார்.

"தங்கள் அமைப்பிடம் உள்ள உபகரணங்களை எமது ஆய்வாளர் நேரில் வந்து சரிபார்ப்பார்."

படித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நேராக அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். மேஜை, குழாய், கொக்கி.

"என்னத்தைச் சரிபார்ப்பாங்க?" என்றார் மனைவியிடம். "வந்து பார்த்தா ஒண்ணுமே இருக்காதே. வீல்சேர் இருக்கு, கட்டில் இருக்குன்னு எழுதிட்டு வெறும் அறையைக் காட்டினா, ஏமாத்துக்காரங்கன்னு நினைக்க மாட்டாங்களா?"

"எல்லாம் வீடுவீடா இருக்குன்னு சொல்லுங்க."

"வாயால சொன்னா நம்புவாங்களா? கண்ணால பார்க்கணும். எல்லாத்தையும் ஒரு அரை நாள் இங்க கொண்டு வந்துடறேன்."

தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"அரை நாள் அவங்க எல்லாம் என்ன செய்வாங்க?"

"அரை நாள்தானேம்மா."

"நீங்க ஒரு அரை நாள் எழுந்திருக்காம இருந்து பாருங்களேன்."

செயலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பது அவர் சுபாவம். கடைசியில் தலைவர் ஒரே ஓர் உத்தரவு போட்டார்.

"காற்று மெத்தை மட்டும் வராது. அந்தம்மா அதுலேர்ந்து இறங்கினா முதுகெல்லாம் புண்ணாயிடும். அதை எடுக்க அந்த வீட்டுப் படி ஏறினீங்கன்னா, நம்ம வீட்டுப் படி ஏறாதீங்க."

இதற்கு மேல் அவர் என்ன பேசுவார்?

ஆய்வாளர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் சாயங்காலமும் அன்று காலையுமாக வெல்டரின் தள்ளுவண்டி தெருத்தெருவாக அலைந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. "சங்கத்துக்கு நல்லது நடந்தா சரி, எடுத்துட்டுப் போங்க" என்று தாங்களே துடைத்துக் கொடுத்தார்கள். கட்டிலில் இருந்த பெரியவரைக் கீழே பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். கால் உடைந்த லாரி டிரைவர் தன் ஊன்றுகோல்களைக் கொடுத்துவிட்டு, "மதியத்துக்குள்ள கொடுத்துடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். ரிட்டையரான கணக்கு டீச்சரிடம் வாக்கரை வாங்கும்போதுதான் சலூன்காரருக்குக் கொஞ்சம் வேர்த்தது.

"எத்தனை மணிக்குத் திரும்ப வரும்?"

"பன்னெண்டு மணிக்குள்ள டீச்சர்."

"வரலைன்னா?"

"வந்துடும் டீச்சர்."

பத்து மணிக்கு அறையைப் பார்க்க வேண்டுமே! வீல்சேர்கள் ஒரு வரிசை, வாக்கர்கள் ஒரு வரிசை, ஊன்றுகோல்கள் கொக்கியில், கட்டில்கள் சுவரோரம். வெல்டர் சக்கரங்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டிருந்தார். சலூன்காரர் தன் பங்குக்கு முகச்சவர வாசனைத் தண்ணீரை அறை முழுக்கத் தெளித்துவிட்டார். இடம் போதவில்லை என்று இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. வாசலில் நின்று உள்ளே பார்த்த செயலாளருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை வருட உழைப்பை ஒரே இடத்தில் அவரும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. ஆய்வாளர்தான்.

"வேற ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன் சார். மதியத்துக்கு மேல வந்துடறேன்."

மதியத்துக்கு மேல் என்றால் எத்தனை மணி என்று கேட்கச் சலூன்காரருக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு டீச்சரிடமிருந்து போன். பிறகு லாரி டிரைவர். பிறகு வரிசையாக. "இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு, இரண்டு மணிக்கு மேல் அவர் போனை அணைத்து மேஜைக்குள் போட்டுவிட்டார். அன்று அவர் செய்த காரியங்களில் இதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் நினைத்தார்.

ஆய்வாளர் வந்து சேர்ந்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். தோளில் கனத்த பை, கையில் குடை, நாள் முழுக்க நின்ற களைப்பு. செருப்பு கடித்திருக்க வேண்டும், நடையிலேயே தெரிந்தது. பின்னாலேயே மச்சினனும் வந்து வாசலில் நின்றுகொண்டான். வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்னான். அறை தன் கைக்குத் திரும்புகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் வந்திருந்தான்.

"உட்காருங்க மேடம்" என்றார் சலூன்காரர். சொன்ன பிறகுதான் நாற்காலி இல்லாதது உறைத்தது. சட்டென்று நீலப்பூ மெத்தை போட்ட வீல்சேரை இழுத்து, பிரேக்கைப் போட்டு நிறுத்தினார். "இதுல உட்காருங்க மேடம், நல்லா இருக்கும்."

ஆய்வாளர் தயங்கினார். கால் வலி ஜெயித்தது. உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தார்.

"எல்லாமே இருக்கே!"

"இருக்கு மேடம்." செயலாளருக்கு வாயெல்லாம் பல். "எல்லாம் பத்திரமா இருக்கு."

"வெளியில எதுவும் போகலையா?"

"போகவே இல்ல மேடம். நீங்க வர்றீங்கன்னு தெரியும்ல."

தையல்காரம்மா பின்னாலிருந்து அவர் முழங்கையைக் கிள்ளினார். அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

"காற்று மெத்தைன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க. அதைக் காணோமே?"

"அது மட்டும்... ஒரு வீட்ல இருக்கு மேடம். உபயோகத்துல."

"அப்போ உபயோகத்துல இருக்கிறது அது ஒண்ணுதானா?"

சலூன்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. வாசலில் மச்சினன் கையைக் கட்டிக்கொண்டான்.

"சார், தப்பா நினைக்காதீங்க." ஆய்வாளர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "காலையில ஒரு இடம் போனேன். தையல் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கு. உறைகூடப் பிரிக்கல. அடுத்தது ஒரு வாசகசாலை. புத்தகம் எல்லாம் புத்தம்புதுசு, ஒருத்தரும் தொடல. இங்க வந்தா எண்ணெய் போட்டு வாசனை அடிச்சு வச்சிருக்கீங்க. யாராவது இதுல ஏறி உட்கார்ந்தாங்களா? அரசாங்கம் பணம் கொடுக்கிறது மக்கள் உபயோகிக்க. அழகு பார்க்க இல்லையே."

சலூன்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்று அவருடைய பார்வையே சொன்னது.

"மேடம், நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்." ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். "இதெல்லாம் எப்பவும் வீடுவீடாத்தான் இருக்கும். இந்த அறையில இருக்கவே இருக்காது. நீங்க வந்து பார்க்கும்போது ஒண்ணும் இல்லைன்னா நம்ப மாட்டீங்கன்னு நான்தான் எல்லாத்தையும் கேட்டு வாங்கி வந்து அடுக்கினேன்."

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆய்வுக்காக வெளியிலேர்ந்து கொண்டுவந்து வச்சீங்களா?"

"ஐயோ, வெளியிலேர்ந்து இல்ல மேடம், எங்களோடதுதான். அங்க இருந்தது."

"நாலு வீட்ல இரவல் வாங்கி அடுக்கி வச்சு, சங்கம்னு காட்டுறவங்களையும் நான் பார்த்திருக்கேன் சார். எதை நம்பி நான் எழுதறது?"

முன்பாவது உபயோகப்படாத சங்கம். இப்போது ஏமாற்றுக்காரச் சங்கம். உண்மையைச் சொன்னால் இப்படியும் ஆகுமா? சலூன்காரர் பேந்தப் பேந்த விழித்தார். வெல்டர் தரையைப் பார்த்தார். ஆய்வாளர் பேனாவை எடுத்து, தாளில் வைத்தேவிட்டார்.

அப்போதுதான் சந்தில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது.

லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். ஒரு பெண் அதிகாரி இருப்பதைப் பார்த்ததும் சங்கடத்தோடு நெளிந்தார்.

"அண்ணே... அது... அப்பாவுக்கு அவசரம்ணே."

"எது?"

"அதாண்ணே. அந்த நாற்காலி. போன் போட்டா எடுக்க மாட்டேங்கறீங்க. அவர் அங்க கத்திக்கிட்டு இருக்கார்."

பதிலுக்குக் காத்திருக்க அவருக்கு நேரம் இல்லை. மூலையிலிருந்த கமோடு நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே ஓடினார். "மன்னிச்சுக்குங்க மேடம்!" என்கிற குரல் சந்தின் முனையிலிருந்து கேட்டது.

அடுத்து 'டக், டக்' என்று ஒரு சத்தம். லாரி டிரைவர் ஒரு துடைப்பத்தைத் தலைகீழாகக் கக்கத்தில் கொடுத்து, கட்டுப் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அக்குள் முழுக்கத் துடைப்பக் குச்சி.

"மதியம்னு சொன்னீங்களேண்ணே" என்றார் பாவமாக. "வீட்ல பெருக்கணும்னு இதையும் கேக்கிறாங்க."

வெல்டர் கொக்கியிலிருந்து ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்து, துடைப்பத்தை வாங்கிக்கொண்டார். ஆய்வாளர் பேனாவை மூடினார்.

அதற்குள் சந்தே அதிர்ந்தது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்று, கல்லிலும் குழியிலும் கடகடவென்று குதித்துக்கொண்டு வந்தது. பின்னால் தள்ளிக்கொண்டு வந்த மருமகளுக்கு முகமெல்லாம் வேர்வை. நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் கணக்கு டீச்சர்.

"இப்ப மணி என்ன?" என்றார், வாசலிலேயே.

சலூன்காரர் வாட்ச்சைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"பன்னெண்டுன்னு சொன்னே. காலையிலேர்ந்து உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்திருக்கேன். தண்ணி குடிக்கப் பயமா இருக்கு, எழுந்து போகணுமேன்னு. எங்க என் வாக்கர்?" கண் அறையைச் சுற்றி வந்து ஆய்வாளரிடம் நின்றது. "நீங்க யாரு?"

"அரசு மானியத்துக்கு ஆய்வு பண்ண வந்திருக்கேன் டீச்சர்." ஆய்வாளர் தன்னையறியாமல் டீச்சர் என்று சொல்லிவிட்டார்.

"சீக்கிரம் பண்ணுங்க. உங்களுக்காகத்தான் நாங்க எல்லாரும் காலையிலேர்ந்து நடக்காம இருக்கோம்."

ஆய்வாளரின் முகம் சிவந்தது. சலூன்காரருக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு யார் எப்போது வந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஒருவர் வாக்கரை எடுக்க, இன்னொருவர் வீல்சேரை உருட்ட, சந்தில் நெரிசல். கட்டிலைக் கேட்டு வந்தது, பையைத் தோளில் மாட்டிய மெலிந்த பெண் ஒருத்தி.

"ஒரு ஆள் கை கொடுங்களேன். மாமனார் பாயில கிடந்து முனகிக்கிட்டே இருக்கார்."

மச்சினன்தான் பக்கத்தில் நின்றான். வேடிக்கை பார்க்க வந்தவன் தலைமாட்டைப் பிடிக்க, வெல்டர் கால்மாட்டைப் பிடிக்க, கட்டில் சந்தில் இறங்கியது. திரும்பி வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த கட்டிலை யாரும் சொல்லாமலே தூக்கினான்.

ஒருவழியாகக் கூச்சல் அடங்கியது. அறையில் ஆய்வாளர் உட்கார்ந்திருந்த வீல்சேரைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். நீலப்பூ மெத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஆய்வாளர் கழற்றி வைத்திருந்த செருப்பையும், கடித்துச் சிவந்த குதிகாலையும் பார்த்தாள்.

"உங்களுக்கு ரொம்ப முடியலையாக்கா?" என்றாள்.

ஆய்வாளருக்குப் புரியவில்லை.

"இல்ல, அம்மாவை இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அதான் சேரை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். பரவாயில்லக்கா, நீங்க வச்சுக்குங்க. அம்மா இப்ப கொஞ்சம் பரவாயில்ல, தாங்கிப் பிடிச்சா படி இறங்குவாங்க. எங்களுக்கும் இப்படித்தான் ஒருத்தங்க கொடுத்தாங்க." பிறகு சலூன்காரரிடம் திரும்பினாள். "இவங்க வீட்ல தேவை முடிஞ்சதும் சொல்லுங்கண்ணே. அவசரம் இல்ல."

சொல்லிவிட்டு நிஜமாகவே கிளம்பிவிட்டாள்.

இத்தனை வருடம் சலூன்காரர் காதோரம் கத்தரித்துக்கொண்டே சொல்லி வந்ததை, அந்தப் பெண் முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்! அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நில்லும்மா!" ஆய்வாளர் அவசரமாக எழுந்தார். பிரேக்கை எடுக்கத் தெரியாமல் ஒரு நிமிடம் தடுமாறினார். தையல்காரம்மா காட்டிக் கொடுத்தார். வெறுங்காலோடு வீல்சேரை வாசல் வரை தானே தள்ளிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. புதுச் செருப்பு, அவ்வளவுதான். நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

திரும்பி வந்தபோது உட்கார அறையில் ஒன்றும் இல்லை. கணக்கு டீச்சரின் மருமகள் சந்தில் விட்டிருந்த ஆபீஸ் நாற்காலியைச் சலூன்காரர் துடைக்கப் போனார்.

"வேணாம் சார். நின்னே எழுதறேன்."

தாளைச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"கழுவுற மேடை எந்தப் பக்கம் வரும்?"

யாரும் பதில் சொல்லாததால் வெல்டர் வாயைத் திறந்தார். "குழாய்ப் பக்கம்."

"கட்டில் ரெண்டு கேட்டிருக்கீங்க. போதுமா? இன்னிக்கு பாயில படுத்தது எத்தனை பேர்?"

தலைவரும் செயலாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடக் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. ஆய்வாளரே எதையோ அடித்துத் திருத்தினார்.

"இடத்துக்குச் சொந்தக்காரர் யாரு?"

சட்டையை உதறிக் காற்று வாங்கிக்கொண்டிருந்த மச்சினன் மெல்ல முன்னால் வந்தான்.

"மானியத்துல வாடகை வரும். ஆனா மூணு வருஷம் இவங்களுக்கு விடறதா எழுதிக் கொடுக்கணும். உத்தரவு வரக் கொஞ்ச நாளாகும், அதுவரைக்கும் பொறுத்துக்கணும். செய்வீங்களா?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். அந்த வகிடு இன்னும் கோணலாகத்தான் இருந்தது. வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கணக்கு டீச்சர் இன்னும் போகாமல் நின்றிருந்தார். அவனுக்கு வகுப்பெடுத்தவர் இல்லைதான். ஆனாலும் அந்தப் பார்வையைத் தாங்க யாரால் முடியும்?

"பொறுத்துக்கறேன் மேடம். செல்போன் கடைக்கு வேற இடமா கிடைக்காது?"

"அப்படிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு டீச்சர் கிளம்பினார்.

உத்தரவு வர அரசாங்கம் எடுத்துக்கொள்கிற நேரம் ஆனது. ஆனால் வந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: இனி ஆய்வுகள் முன்னறிவிப்பு இல்லாமல் நடத்தப்படும். சலூன்காரர் அதைச் சத்தமாகப் படித்தபோது தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் ஊசியிலிருந்து நூல் கழன்றது.

சொன்னபடியே ஒரு நாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் ஆய்வாளர். இந்த முறை காலில் பழைய செருப்பு. சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரை முகத்தில் பாதி நுரையோடு விட்டுவிட்டு, கையில் கத்தியோடு வெளியே ஓடிவந்தார். அவரும் ஆய்வாளரும் சந்துக்குள் வருவதற்குள் மச்சினன் சாவியைப் போட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டிருந்தான். புது மேடை ஈரமாக இருந்தது. கொக்கிகளில் ஒன்றும் இல்லை. வாங்கிய புதுக் கட்டில்களில் ஒன்றுகூட இல்லை.

"பாருங்க மேடம்," என்றான் மச்சினன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "காலியாத்தான் கிடக்கு!"